ஒட்டு கலைத்த உறக்கம்

ஒரு புரதத்தின் தலைமாட்டில் ஒட்டிய சிறு துண்டு, பல ஆய்வகங்களைப் பத்தாண்டுக் காலம் தடம் மாற்றிவிட்டது. அந்தப் புரதத்தின் பெயர் பார்க்கின். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து தேடுவோரில் சிலர் இன்று நம்பியிருப்பதும் அதே புரதத்தைத்தான். ‘நடுக்குவாதத்துக்குத் தீர்வு’ என்று அடிக்கடி வரும் செய்திகளை எடைபோட, இந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்து எழுதியது 1817இல். இரண்டு நூற்றாண்டு கடந்தும், நம் கையில் உள்ள முதன்மை மருந்து 1960களில் வந்த லெவோடோபாதான். மூளையில் குறைந்துபோன டோபமைனை அது ஈடுகட்டும். டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதைத் தடுக்காது.

அந்தச் செல்கள் ஏன் அழிகின்றன? 1998இல் ஜப்பானிலிருந்து ஒரு தடயம் கிடைத்தது. இளம் வயதிலேயே நடுக்குவாதம் கண்டவர்களின் குடும்பங்களை ஆராய்ந்த யோஷிகுனி மிசுனோ, நொபுயோஷி ஷிமிசு குழுவினர், பழுதுபட்டிருந்த மரபணுவைக் கண்டறிந்து ‘பார்க்கின்’ என்று பெயரிட்டனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும்போது தோன்றும் நோய் இது. சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் இன்னும் மறையாத தமிழகம், இதை யாருக்கோ வந்த நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

2000ஆம் ஆண்டில், பார்க்கின், யுபிக்விட்டின் லிகேஸ் என்னும் வகை நொதி என்பது தெரியவந்தது. யுபிக்விட்டின் 76 அமினோ அமிலங்களால் ஆன சின்னஞ்சிறு புரதம். செல்லுக்குள் எதைக் கழித்துக்கட்ட வேண்டுமோ, அதன்மீது சீட்டுபோல ஒட்டப்படும். இதைக் கண்டறிந்த மூவருக்கு 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சீட்டை எதன்மீது ஒட்டுவது என்று முடிவுசெய்பவை லிகேஸ்கள். மனித உடலில் ஏறத்தாழ 600 வகை உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் பழுதானவற்றைத் தேடிச்சென்று அப்புறப்படுத்த வழிசெய்வது பார்க்கின் என்று, 2008இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் யூல் குழு காட்டியது. குப்பை அள்ள ஆளில்லாத தெருவின் கதிதான் பார்க்கின் இல்லாத செல்லுக்கும்.

இந்த நொதியைச் சோதனைக் குழாயில் ஆராய, மனித மரபணுவை எ-கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்திப் புரதத்தை உற்பத்தி செய்கிறார்கள். இதுவே மறுசேர்க்கைப் புரதம். பார்க்கினை இப்படித் தயாரிப்பது லேசான வேலை அல்ல. 465 அமினோ அமிலங்கள் சரியாக மடிய வேண்டும். 8 துத்தநாக அயனிகள் உரிய இடங்களில் அமர வேண்டும். தவறினால் புரதம் திரண்டு வீணாகும். பாக்டீரியாவின் ஆயிரக்கணக்கான புரதங்களிலிருந்து இதைப் பிரித்தெடுக்க, முனையில் ஓர் அடையாளத் துண்டை ஒட்டுவது வழக்கம்.

வினை அங்கேதான் வந்தது. ஒட்டுப்போட்ட பார்க்கின் சுறுசுறுப்பாகச் சீட்டு ஒட்டியது. அது எப்போதும் விழித்திருக்கும் நொதி என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2011இல் லண்டனில் ஹெலன் வால்டன் குழு ஒட்டில்லாத பார்க்கினைச் சோதித்தபோது, அது உறங்கிக்கிடந்தது. புரதம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். முனையில் ஒட்டிய துண்டு அந்தப் பூட்டைக் குலைத்திருந்தது. 2013இல் வெளியான படிக அமைப்புகள் பூட்டைக் கண்ணெதிரே காட்டின. சாவி எது என்பதும் அடுத்த ஆண்டே தெளிவானது: பிங்க்1 என்னும் மற்றொரு நொதி, யுபிக்விட்டினின் 65ஆம் இடத்தில் பாஸ்பேட்டைச் சேர்த்துப் பார்க்கினை எழுப்புகிறது.

இது ஆய்வகத்துக்குள் அடங்கிவிடும் நுணுக்கம் அல்ல. எப்போதும் விழித்திருக்கும் நொதிக்கு எழுப்பும் மருந்து எதற்கு? உறங்குகிறது என்று தெரிந்த பிறகுதான், பூட்டைத் தளர்த்தும் மூலக்கூறுகளைத் தேடும் முயற்சிக்குப் பொருள் கிடைத்தது. கருவி பிழையானால் கேள்வியே பிழையாகிவிடும்.

ஆனாலும் ஆராய்ச்சி நிதி பெரும்பாலும் பரபரப்பான முடிவுகளின் பின்னால்தான் ஓடுகிறது. புரதத்தை ஒழுங்காகத் தயாரித்து, சரிபார்த்து, பிறருக்கும் பகிரும் வேலைக்குப் பாராட்டும் இல்லை, பதவியும் இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீயில் அரசு நிதியில் இயங்கும் ஆய்வுப் பிரிவு ஒன்று, தான் உருவாக்கும் புரதங்களையும் மரபணுக் கட்டமைப்புகளையும் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்கு அளிக்கிறது. மைக்ரோகிராம் கணக்கில் விலைபோகும் புரதத்தை இறக்குமதி செய்தே காலம் தள்ளாமல், நம் நாட்டின் பொது ஆய்வு நிறுவனங்களும் இத்தகைய பகிர்வு மையங்களை உருவாக்க வேண்டும்.

எதிர்பார்ப்புக்கும் ஓர் எல்லை வேண்டும். பார்க்கின் மரபணு பழுதானவர்கள் நோயாளிகளில் சிறு பகுதியினரே. இம்மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குப் பெரிதாக நோய் வருவதுமில்லை. சோதனைக் குழாயில் விழித்த புரதம், முதியவர் ஒருவரின் கைநடுக்கத்தைத் தணிக்கும் என்பதற்கு இன்னும் உத்தரவாதம் இல்லை.

அடுத்த முறை ‘நடுக்குவாதத்துக்குத் தீர்வு’ என்று செய்தி வந்தால், சோதித்தது குழாயிலா, எலியிலா, மனிதரிலா என்று முதலில் பாருங்கள். அதை நம்பி, வீட்டுப் பெரியவருக்கு மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.