களமும் அருகில் வேண்டும்

உலக சதுரங்க சாம்பியனுடன் மோதும் உரிமை, எட்டுப் பேர் ஆடும் கேண்டிடேட்ஸ் போட்டியில் வெல்பவருக்கே உரியது. உலகக் கோப்பை, கிராண்ட் ஸ்விஸ், ஃபிடே சர்க்யூட் உள்ளிட்டவை அதற்கான வாயில்கள்.

2023 டிசம்பரில் தமிழக அரசு சென்னையில் நடத்திய கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியில் வென்ற குகேஷ், சர்க்யூட் புள்ளிகளால் கேண்டிடேட்ஸில் இடம்பெற்றார். 2024-இல் உலக சாம்பியனானார். அது கடைசி நேர ஏற்பாடு என்ற விமர்சனம் எழுந்தது உண்மையே. ஆண்டுதோறும் முறையாக நடத்தினால் அதற்கு இடமிராது.

திருவனந்தபுரத்தின் எஸ்.எல். நாராயணன் 2015-இல் கிராண்ட்மாஸ்டரானவர். திருச்சூரின் நிகால் சரினும் திறமையில் குறைந்தவரல்லர். புள்ளி தரும் வலுவான போட்டிகள் பல ஐரோப்பாவில் நடைபெறுகின்றன. அழைப்பும் பயணச் செலவும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சென்னை காட்டிய வழியில், கேரள அரசு தனது தலைநகரிலும் களம் அமைக்க முன்வர வேண்டும்.