'தெரிஞ்ச ஆள்' கையில் எங்கட ரின் நம்பர்

வரி என்றதும் எங்கட வீடுகளில் எழும் முதல் கேள்வி, "ஆரும் தெரிஞ்ச ஆள் இருக்கோ?" என்பதுதான். அந்த ஆளுக்கு வரிச் சட்டம் தெரியுமோ என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

18 வயது கடந்தவர்கள் வரி அடையாள இலக்கம் எடுக்க வேண்டும் என்று 2024 இல் சொன்னார்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அதை இலவசமாகத்தான் தருகிறது. ஒன்லைனில் நாங்களே விண்ணப்பிக்கலாம். இருந்தும் எத்தனையோ பேர் கொமினிகேஷன் கடையில் காசு கொடுத்து எடுத்தார்கள். காசு போகட்டும். விண்ணப்பத்தில் கடைக்காரரின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் திணைக்களத்தின் அறிவித்தல் ஆருக்குப் போகும்?

ரின் எடுத்தால் வரி கட்டவேணும் என்ற பயமும் வீண். 2025 ஏப்ரல் 1 இலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விடுபாடு உண்டு. ஆனால் அதே நாளிலிருந்து வங்கி வட்டியில் பிடிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகிவிட்டது. நிலையான வைப்பின் வட்டியில் சீவிக்கிற அம்மம்மா, வருமானம் அந்த எல்லைக்குள் என்றால், ரின்னோடு வங்கியில் ஒரு சுயபிரகடனம் கொடுத்தால் போதும். இதற்கு நிபுணர் தேவையில்லை, பேரப்பிள்ளை போதும்.

நிபுணர் தேவைப்படுவது வேறு ஆக்களுக்கு. வெளிநாட்டுக்கு டிசைன் செய்து கொடுக்கிற நண்பர், ரியூசனோடு வாடகையும் வருகிற ஆசிரியர். இவர்கள் பட்டயக் கணக்காளரிடமோ வரி தெரிந்த சட்டத்தரணியிடமோதான் போகவேணும். போனாலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கக்கூடாது. "வெளிநாட்டுக் காசுக்கு வரியே இல்லை" என்று இன்னும் சொல்பவர் பழைய சட்டத்திலேயே நிற்கிறார்; 2025 ஏப்ரலிலிருந்து அந்தச் சேவை வருமானத்துக்கு 15 வீதம் வரை வரி உண்டு. கணக்கைப் பார்க்க முதலே "குறைச்சுத் தாறன்" என்பவரிடமிருந்து உடனே எழும்பி வாங்கோ. விபரத்திரட்டு உங்கட பெயரில்தான் போகிறது, தண்டப்பணமும் அப்படியே. அனுப்பியதன் பிரதியையும் கடவுச்சொல்லையும் தர மறுப்பவர் எவ்வளவு படித்திருந்தாலும் வேண்டாம்.

கணக்காளருக்குக் கட்டணம் கூட என்பது உண்மைதான். அதனால்தான் எங்கட முகாமைத்துவ பீடத்து நண்பர்களிடம் கேட்கிறோம்: விபரத்திரட்டுக்கான கடைசி நாள் நவம்பர் 30. அதற்கு முதல் ஒரு சனிக்கிழமை, விரிவுரையாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, ஊர் வாசிகசாலையில் வந்து இருப்பீர்களா? கதிரை மேசை நாங்கள் போடுகிறோம்.