தேன் ஊத்தினா அது சர்க்கரை இல்லையா?

முதல்ல ஒரு வாக்குமூலம். எங்க அப்பாவுக்கு தினமும் ஒன்பது டீஸ்பூன் சர்க்கரை ஊட்டினவன் நான்தான். அதுவும் "ஹெல்த்தி"ங்கற பேர்ல.

அப்பாவுக்கு சுகர். வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில நைட் ஷிஃப்ட். டாக்டர் சொன்னாருன்னு டீயில இருந்த ஒரு ஸ்பூன் சர்க்கரையையும் விட்ட மனுசன். பெங்களூர் அக்கா ஒரு தடவை பாக்கெட் கிரனோலா கொண்டு வந்தாங்க. விலையைப் பார்த்து மிரண்டு, "இதை வீட்லயே பண்ணலாமே"ன்னு களத்துல குதிச்சேன். ஓட்ஸ் 3 கப், கடலையும் பாதாமும் 1 கப், எண்ணெய் கால் கப், தேன் அரை கப், நாட்டுச்சர்க்கரை கால் கப். நான் பார்த்த செய்முறை எல்லாத்துலயும் ஒரே வசனம்: "இதில் சர்க்கரையே இல்லை!"

அப்பா காலையில ஒரு கிண்ணம், ஷிஃப்டுக்குப் போகும்போது ஒரு கிண்ணம். ஒரு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா அளவு ஏறியிருக்கு. அது மட்டும்தான் காரணம்னு சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனா நான் பி.காம். கணக்கு போடத் தெரியும் :-)

அரை கப் தேன் சுமார் 170 கிராம். அதுல ஐந்துல நாலு பங்கு சர்க்கரைதான், அதாவது 140 கிராம் அளவுக்கு. நாட்டுச்சர்க்கரை ஒரு 45 சேர்த்தா 185. அது பத்து கிண்ணம் வந்துச்சு. கிண்ணத்துக்கு 18, ரெண்டு கிண்ணத்துக்கு 37 கிராம். டீஸ்பூனுக்கு 4 கிராம்னு வச்சா ஒன்பது டீஸ்பூன்!

உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னது: 2000 கலோரி சாப்பிடறவங்க சேர்க்கப்பட்ட சர்க்கரையை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள்ள வைக்கணும், 25க்குள்ள வச்சா இன்னும் நல்லது. முக்கியமான விசயம், அந்தக் கணக்குல தேனும் சேர்த்தி. நம்ம ஊர்லதான் தேனுக்கு தனிக் கணக்கு. வெல்லமும் கருப்பட்டியும் "மருந்து", வெள்ளைச் சர்க்கரை மட்டும் "விஷம்". உள்ளே போனப்புறம் உடம்பு இதையெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் பார்க்குது.

பாக்கெட்டுக்காரங்க இதுல இன்னும் கில்லாடி. சேர்மானத்தை எடை அதிகமானதுல தொடங்கி வரிசையா எழுதணும்னு நம்ம நாட்டுல சட்டம் இருக்கு. அதனால தேன் கொஞ்சம், வெல்லம் கொஞ்சம், பேரீச்சை சிரப் கொஞ்சம்னு பிரிச்சுப் போட்டா எதுவுமே முதல் இடத்துக்கு வராது. ஒரே கடனை நாலு லெட்ஜர்ல பிரிச்சு எழுதி, "பெருசா கடன் ஒண்ணும் இல்லை சார்"னு ஆடிட்டர்கிட்ட சொல்ற மாதிரி!

இதுல வேடிக்கை என்னன்னா, 1863ல அமெரிக்காவுல ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் தன் சிகிச்சை நிலையத்துல "கிரனுலா"ன்னு செஞ்சப்போ அது வெறும் கோதுமை மாவு. சுட்டு, உடைச்சு, மறுபடி சுட்டது. ராத்திரி முழுக்க ஊறவைக்காம பல்லால கடிக்க முடியாது. நோயாளிக்குப் பிறந்த உணவை இனிப்பு பலகாரம் ஆக்கிட்டு, பேரை மட்டும் அப்படியே வச்சிருக்கோம்.

"அப்போ நம்ம கம்பு, சோளம்னு திரும்பிட்டா போதுமா?"ன்னு கேப்பீங்க. 2023 ஐ.நா. சிறுதானிய ஆண்டு. அதுக்கப்புறம் கிரனோலாவிலும் கம்பு வந்தாச்சு. எரியோட்டைச் சுத்தி மானாவாரிக் காட்டுல சோளமும் கடலையும் விளையுறதைப் பார்த்து வளர்ந்தவன்ங்கற முறையில எனக்கும் பெருமைதான். ஆனா கம்பு மேல அரை கப் தேன் ஊத்தினா அதுவும் அதே கதைதான். வெறும் சோளமே மாவுச்சத்துதான், அளவு தாண்டினா சுகர் ஏறத்தான் செய்யும். ஓட்ஸ் வில்லனும் இல்லை. அதுல இருக்கற பீட்டா குளுக்கான் நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்கும். தானியத்துல சண்டை இல்லை மக்களே, ஊத்தறதுலதான் சண்டை.

இப்போ நான் பண்றது: சோள அவல் 200 கிராம், தோலோட நிலக்கடலை 150, எள் 30, தேங்காய்த் துருவல் 20, கருப்பட்டி 30 மட்டும். ஓவன் வேண்டாம், இரும்புச் சட்டி போதும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா சின்னத் தீயில வறுக்கணும். கடலைக்கு நேரம் ஆகும், எள்ளு நாலு வெடி வெடிச்சா இறக்கிடணும். கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணியில கரைச்சு மண் போக வடிகட்டி, எல்லாத்தையும் சேர்த்துப் பிரட்டி, ஈரம் போற வரைக்கும் மறுபடி வறுக்கணும். நல்லா ஆறின பிறகு டப்பாவுல போடுங்க, சூட்டோட மூடினா நமத்துப் போகும். 40 கிராம் ஒரு வேளைக்கு, சர்க்கரை 3 கிராமுக்குள்ள. கட்டி கட்டியா வராது, உதிரியாத்தான் இருக்கும். அந்தக் கட்டியே சர்க்கரைப் பாகோட வேலைதான்!

2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். அதுல ஒருத்தர் உங்க வீட்லயும் இருக்கலாம். அவர் கிண்ணத்துல ஊத்தறதுக்கு முன்னாடி தராசுல ஒரு தடவை நிறுத்துப் பாருங்க. "வீட்ல செஞ்சது"ங்கறது அன்புக்கு அத்தாட்சி, ஆரோக்கியத்துக்கு இல்லை.

கொசுறு: புதுசைச் சாப்பிட்டுட்டு அப்பா சொன்னது, "இதை முன்னாடியே கடலையும் சோளப்பொரியும்னு சொல்லியிருக்கலாமேடா..."