பட்டா யார் பெயரில் இருக்கிறது?



2024 நவம்பர் 30 ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்ததையும், கடந்த பின்னரும் நகராது நின்று நம் விழுப்புரம் மாவட்டத்தின் மீது கொட்டித் தீர்த்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. டிசம்பர் 2 ஆம் நாள் காலை, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டவே, தென் மாவட்ட ரயில்கள் ஆங்காங்கே நின்றன. வெள்ளம் தணிந்ததும் பாலத்தைச் சோதித்து, வண்டிகளை மெல்ல விட்டார்கள். சாய்ந்த மின்கம்பங்களும் நிமிர்ந்தன. ஆனால் கூரை பறிகொடுத்த குடிசைகளுள் சில, அடுத்த மழைக்காலத்தையும் தார்ப்பாயின் கீழேயே எதிர்கொண்டதை எங்கள் பகுதியில் கண்டேன்.

அரசு கொடுக்கவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாயும், சேதமுற்ற குடிசைக்கு 10,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. முற்றிலும் வீடிழந்தோர்க்குக் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் முன்னுரிமை என்றும் சொல்லப்பட்டது. அத்திட்டத்தில் வீடொன்றுக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி.

அப்படியானால் தடை எங்கே? பத்தாயிரம் ரூபாய் வாங்கக் குடிசை விழுந்திருந்தால் போதும். மூன்று லட்சம் வாங்க மனை தன்னுடையது என்று காகிதம் காட்ட வேண்டும். ஏழையிடம் இல்லாத பொருள் அந்தக் காகிதம்தான்.

ஏழைகள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஏரிக்கரையில், வாய்க்கால் ஓரத்தில், ஓடையை ஒட்டிய பள்ளத்தில். வேறு எவரும் விரும்பாத இடமாதலால் அவர்களுக்குக் கிடைத்த இடம். வெள்ளம் முதலில் புகுவதும் அங்கேதான். நீர்நிலைப் புறம்போக்கிற்குப் பட்டா வழங்க நீதிமன்றங்கள் இசைவதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. மாற்றிடம் என்று ஊருக்கு வெகு தொலைவில் காட்டினால், விக்கிரவாண்டிக் கடைத்தெருவில் மூட்டை தூக்குபவர் நாள்தோறும் பஸ்ஸுக்கு எவ்வளவு கொடுப்பார்? ஆகவே போக மாட்டார். இருந்த இடத்திலேயே மீண்டும் நான்கு கம்பு நடுவார்.

பள்ளிவாசலின் வக்ஃபு மனையில் சொற்ப வாடகைக்குக் குடியிருப்போர் நிலையும் ஏறத்தாழ இதுவே. மனை அவர்கள் பெயரில் இல்லை, இருக்கவும் இயலாது. அவர்களுடைய கூரையைப் பற்றி ஜமாஅத் நிர்வாகம்தான் கவலைப்பட வேண்டும்.

பட்டா இருந்தும் வீடு கட்ட முடியாதவர்களைப் பற்றியே நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். அந்தத் தடை நம் வீட்டுக்குள் இருப்பது. என்னிடம் ஓதும் பிள்ளை ஒருவனின் வீட்டில் பட்டா பத்திரமாக இருக்கிறது, வெள்ளத்திலும் நனையவில்லை. ஆனால் அது அவன் பாட்டனாரின் பெயரில் இருக்கிறது. அவர் மவ்த்தாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவருக்கு ஆண் மக்கள் மூவர், பெண் மக்கள் இருவர். மனையோ மூன்று சென்ட்.

நம் மார்க்கம் விதித்த பாகத்தின்படி கணக்கிட்டுப் பாருங்கள். அவர் மனைவி முன்பே காலமாகிவிட்டதால் சொத்து எட்டுப் பங்கு. மகனுக்கு இரண்டிரண்டு, மகளுக்கு ஒவ்வொன்று. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூன்று சென்ட் ஏறக்குறைய 1,307 சதுர அடி. அங்கே குடியிருக்கும் மகனுக்கு அதில் கால் பங்கு, அதாவது 327 சதுர அடிக்கும் குறைவு. 360 சதுர அடி வீடு அவர் பங்கில் அடங்காது! உடன்பிறந்தோர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அவர் அங்கே அஸ்திவாரம் தோண்ட இயலாது.

ஒரு சகோதரர் குவைத்தில் இருக்கிறார். மூத்த சகோதரிக்கு இந்த வீட்டின்மேல் மனத்தாங்கல். அத்தா மறைந்தபோது அவருக்குரிய பாகத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. இருபது ஆண்டு கழித்துக் காற்று கூரையைக் கொண்டு போன பிறகுதான் தம்பி கையெழுத்துக் கேட்டு வருகிறார். அந்தச் சகோதரியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

கடல் கடந்த நாட்டிலும் இதுதான் நடந்தது. 2005 ஆகஸ்ட் 29 ஆம் நாள் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின ஏழைகள் வாழ்ந்த ‘லோயர் நைன்த் வார்டு’ என்னும் பகுதி மூழ்கியது. அங்கும் பல வீடுகள் பாட்டன், பாட்டி பெயரிலேயே இருந்தன. உரிமையை மெய்ப்பிக்க இயலாமல் பலர் உதவியின்றித் தவித்தனர். மற்றோர் அநியாயமும் நேர்ந்தது. வீட்டின் பழைய சந்தை விலை, திரும்பக் கட்டும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதைக்கொண்டே உதவித்தொகை கணக்கிடப்பட்டது. சிமெண்ட் விலை எல்லோர்க்கும் ஒன்று. ஏழைத் தெருவின் வீட்டு விலையோ மலிவு. வழக்கு நடந்து, 2011 இல் 6 கோடியே 20 லட்சம் டாலர் தர உடன்பாடு ஏற்பட்டது. 2000 இல் சுமார் 14,000 பேர் வாழ்ந்த அப்பகுதியில் 2010 கணக்கெடுப்பின்போது இருந்தவர் மூவாயிரத்திற்கும் குறைவு. செல்வம் நிறைந்த நாட்டின் கதை இது.

இங்கே காகிதம் சரியாக இருந்தாலும், பணம் கட்டுமானம் உயர உயரத் தவணையாகத்தான் வருகிறது. அஸ்திவாரத்தைக் கைப்பணம் போட்டு எழுப்பினால்தான் முதல் தவணை. கூலிக்காரரிடம் கைப்பணம் ஏது? வட்டிக்காரரிடம் போகிறார். புயலுக்குப் பின் செங்கலும் கொத்தனார் கூலியும் ஏறிவிடுகின்றன. அவர் வேலைக்குப் போகாமல் நின்று கட்டினால் அன்றைக்கு அடுப்பு எரியாது. புயலடித்த முதல் வாரத்தில் நாம் அரிசியும் போர்வையும் அள்ளி வழங்குகிறோம், நன்று. நான்காம் மாதம் அஸ்திவாரத்திற்கு வட்டியில்லாக் கடனாக முப்பதாயிரம் கொடுக்கும் பைத்துல்மால் எத்தனை ஊர்களில் இருக்கிறது?

ஆகையால் அடுத்த ஐப்பசி வருவதற்குள் உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்று, முதலில் பாகத்தைப் பேசி முடியுங்கள். சகோதரி விட்டுக்கொடுப்பதானால் அது வெட்கத்திற்காகவோ அச்சத்திற்காகவோ இருத்தல் கூடாது. கிரயம் கொடுத்து வாங்க முடிந்தவர் வாங்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்.

நான் சொன்ன குடும்பத்திற்குக் குவைத்திலிருந்து பத்திரம் வந்துவிட்டது. மூத்த சகோதரியிடம் பேசப் பெருநாளுக்குப் பிறகு போகிறார்கள். இம்முறை கையெழுத்துக் கேட்பதற்கு முன், அவருடைய பாகத்திற்கு என்ன விலை என்று கேட்கப் போவதாகச் சொன்னார்கள்.