ஆறு ககரங்களும் ஒரே தழும்பும்

நாம் பணியாற்றும் கல்லூரியில் பழைய நாடக நோட்டீசுகளைத் திரட்டி ஒரு கண்காட்சி வைத்தோம். எல்லாம் 1978க்கு முற்பட்டவை. சுவரொட்டி அமைக்கும் பொறுப்பை ஏற்ற மாணவர், சிதைந்து தேய்ந்தாற்போல் தோன்றும் தடித்த எழுத்துரு ஒன்றில் 'நாடகக்கலைக் கண்காட்சி' என அமைத்து வந்தார். "பழைய அச்சுப் போலவே இருக்கிறதல்லவா, ஐயா?" என்றார். முதற்பார்வைக்கு நமக்கும் அவ்வாறே தோன்றியது. பிறகுதான் ககரங்களை எண்ணினோம். ஆறு. ஆறிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல்!

இத்தகைய எழுத்துருக்களுக்கு முன்மாதிரி, அமெரிக்காவின் மர எழுத்துகள். ஈயத்தில் வார்த்த பெரிய எழுத்துகள் கனமும் விலையும் மிகுந்தவை. ஆதலால் 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்துகளைப் பெருமளவில் வெட்டத் தொடங்கினார். 1880இல் விஸ்கான்சின் மாநிலத்து டூ ரிவர்ஸ் என்னும் சிற்றூரில் தோன்றிய ஹாமில்டன் நிறுவனம் பின்னர் இத்தொழிலில் முதலிடம் பெற்றது. மேப்பிள் மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் செதுக்கிய அக்கட்டைகள் ஆண்டுக்கணக்கில் மை பூசப்பெற்று, கழுவப்பெற்று, கைதவறி விழுந்து மூளியாயின. ஆறு எழுத்து வேண்டுமெனில் ஆறு கட்டைகள் வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே அடிபட்டது. ஆங்கிலத்தில் மிகுதியாக வருவது 'ஈ'. அதன் கட்டைகளே முதலில் தேயும். அருகியே வரும் 'இஸட்' புதுமெருகு கலையாமல் பெட்டியில் உறங்கும். கணினி எழுத்துருவிலோ இரண்டும் சரிசமமாகச் சிதைந்து நிற்கின்றன. உழைக்காத எழுத்துக்கும் காயம்.

அலங்காரத்திற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என நண்பர்கள் நகைக்கலாம். தேநீர்க்கடைப் பலகையாயின் நாமும் வாளாவிருப்போம். ஆவணக் கண்காட்சியின் முகப்பில் நிற்கும் எழுத்து, அக்காலத்துக்குச் சான்று பகர்வதாகப் பார்வையாளர் கொள்வர். அங்கே போலித் தழும்பு ஒருவகைப் பொய்ச்சான்றே.

தமிழில் இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. அச்சுவரொட்டியின் 'லை' இன்றைய வடிவில் இருந்தது. உள்ளே தொங்கிய நோட்டீசுகளிலோ லகரத்தின் முன்னே யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய 'லை'. தமிழக அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் அவ்வடிவம் வழக்கொழிந்தது. கீறலை வலிந்து சேர்த்தவர்கள் எழுத்தின் வரலாற்றை விட்டுவிட்டார்கள். சீர்திருத்தத்தை நாம் குறைகூறவில்லை. பழமையை விற்க முன்வருவோர் பழைய வடிவங்களையும் எழுத்துருவில் சேர்க்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஓர் எழுத்துக்கு நான்கைந்து மாற்றுருவங்கள் வைத்து, அடுத்தடுத்து வருகையில் அவை தாமே மாறி அமையச் செய்யவும் ஓப்பன்டைப் முறையில் வழியுண்டு. சோம்பலன்றி வேறு தடையில்லை.

மாணவர் முகம் வாடியது உண்மை. எனினும் இரண்டு நாள் அமர்ந்து, நோட்டீசுகளிலிருந்தே எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒளிவருடி எடுத்துச் சுவரொட்டியை மீண்டும் அமைத்தார். ஆறு ககரங்களும் ஆறு விதம். கண்காட்சியன்று முதலாண்டு மாணவி ஒருவர் அதன்முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "ஐயா, இந்த 'லை' அச்சுப்பிழையா?" என்று கேட்டார்.