இப்ப என்ன வாசிக்கிறாய்?

போன கிழமை ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பழைய சிநேகிதன் ஒருவனைக் கண்டேன். ஊரில் ஒரே சைக்கிளில் ரியூசனுக்குப் போனவர்கள் நாங்கள். ரோல்ஸ் ஒன்றைக் கடித்தபடி, "இப்ப என்ன வாசிக்கிறாய்?" என்று கேட்டான். வீட்டுக் கடன், முழங்கால் வலி, பிள்ளையின் படிப்பு தவிர வேறு எதையும் இந்த வயதில் ஒருவரும் கேட்பதில்லை. அதனால் தடுமாறிப்போனேன். தடுமாறினால் மனிசன் பொய்தான் சொல்லுவான். அலுமாரியில் ஏழு வருசமாகத் தூசி பிடித்துக் கிடக்கிற ஒரு தடித்த புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். அவனும் பெரிதாகத் தலையாட்டினான். அவனும் அதை வாசிக்கவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு வெட்கமாக இருந்தது. நான் வாசிக்காமல் இருந்தால் பரவாயில்லை. வாசித்துக்கொண்டுதானே இருக்கிறேன். பிறகேன் பொய்? உண்மையைச் சொன்னால் பெரிய வாசகன் மாதிரித் தெரியாது, அதுதான். ஒரு புத்தகம் இரண்டாம் தரம் வாசிப்பது, ஒன்று அகராதி வைத்துக்கொண்டு வாசிப்பது, மற்றது மகளின் மேசையில் இருந்து களவாக எடுத்தது. இன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

நான் வாசிப்பது பஸ்சில். 2023 யூலையில் ஸ்காபரோ ரயிலின் பெட்டி ஒன்று தடம் புரண்டதோடு அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். அதற்குப் பதிலாக பஸ். வேலைக்குப் போய்வர முன்னையைவிட நேரம் கூடப் பிடிக்கிறது. எல்லாரும் பேசுகிறார்கள், நானும் பேசினேன். பிறகுதான் விளங்கியது, ஒரு நாளைக்கு இருபது பக்கம் கூட ஓடுகிறது என்று.

முதலாவது, அ. முத்துலிங்கத்தின் 'கடவுள் தொடங்கிய இடம்'. ஊரில் இருந்து வெளிக்கிட்ட ஒரு பெடியன் ஏஜென்சிக்காரரின் கையில் அகப்பட்டு நாடு நாடாக அலைகிற கதை. எங்களில் முக்கால்வாசிப் பேரின் கதை. இதை எழுதுகிற வேறு ஒருவர் என்றால் முதல் பக்கத்திலேயே ஒப்பாரி வைத்திருப்பார். இவர் சிரிக்க வைக்கிறார். பஸ்சில் தனியச் சிரித்து, பக்கத்தில் இருந்த பிலிப்பினோ அம்மா ஒருமாதிரிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். பாங்கொக்கில் ஒரு லொட்ஜ் அறையில் ஒன்பது பேர் கிடந்தோம். ஒரு நல்ல சேர்ட் மட்டும்தான் எல்லாருக்கும் பொது. எம்பசிப் பக்கம் போகிறவன் அதைப் போட்டுக்கொண்டு போவான். அந்த நாட்களில் அழுததைவிடச் சிரித்ததுதான் கூட என்பதை இந்தப் புத்தகம்தான் எனக்கு ஞாபகப்படுத்தியது.

இரண்டாவது, அப்துல்ரசாக் குர்னாவின் 'பை த சீ'. 2001இல் வந்த நாவல். குர்னா சன்சிபாரில் பிறந்து, பதின்ம வயதில் இங்கிலாந்துக்கு அகதியாகப் போனவர். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோதுதான் எங்களில் கனபேர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டோம். என் ஆங்கிலத்துக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பக்கம்தான் போகும். ஆனாலும் விட மனமில்லை. ஏனென்று சொல்கிறேன்.

சாலே ஒமார் என்ற அறுபத்தைந்து வயது மனிசன், சன்சிபாரில் தளபாடக் கடை வைத்திருந்தவர், லண்டன் கற்விக் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். வேறொருவரின் பெயரில் பாஸ்போட். ரிக்கற் விற்றவன் சொல்லி அனுப்பியிருக்கிறான், ஆங்கிலம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே என்று. அவர் நல்ல ஆங்கிலம் தெரிந்தவர். அதிகாரி கதைப்பதெல்லாம் விளங்குகிறது. விளங்காத மாதிரி நிற்கிறார். அவருடைய பையில் இருந்த சாம்பிராணிப் பெட்டியை அதிகாரி எடுத்து வைத்துக்கொள்கிறான். அதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு நான் இறங்கவேண்டிய தரிப்பையும் தாண்டிப் போய்விட்டேன்.

எனக்கும் அதையேதான் சொல்லி அனுப்பினார்கள். "இங்கிலீசு தெரியும் எண்டு காட்டிப்போடாதை, கேள்வி கூடும்." 1991இல் என்னுடைய அகதி விசாரணை. மொழிபெயர்க்க ஒருவரை இருத்தியிருந்தார்கள். எனக்குப் பாதி ஆங்கிலம் விளங்கும். தம்பியைப் பற்றிக் கேட்டார்கள். 1989இல் ஊரில் நடந்த பிள்ளைபிடி தெரிந்தவர்களுக்குத் தெரியும். இந்திய இராணுவம் இருந்த காலம். தமிழ்த் தேசிய இராணுவத்துக்கு என்று றோட்டில் போன பெடியளையெல்லாம் அள்ளிக்கொண்டு போன காலம். தம்பிக்குப் பதினேழு வயது. பாண் வாங்கப் போனவன். நான் சொன்னது இதுதான்: "தம்பியைக் கொண்டுபோயிட்டாங்கள். பிறகு வரேல்லை."

மொழிபெயர்த்தவர் ஆங்கிலத்தில் சொன்னது: தம்பி அவர்களோடு போனான், திரும்பி வரவில்லை.

கொண்டுபோனதுக்கும் போனதுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. வாய் திறக்கவில்லை. திறந்தால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று வெளித்துவிடும். அந்த மனிசனில் பிழை சொல்ல வரவில்லை. அன்றைக்கு அவர் எத்தனை பேரின் கதையைக் காவினாரோ. எனக்கு அகதி அந்தஸ்தும் கிடைத்துவிட்டது. ஆனால் ஏதோ ஒரு கோப்பில் என் தம்பி தானாகப் போனவனாக இருக்கிறான். அந்தப் பொய்க்கு நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டியிருக்கிறேன். ஊரில் அம்மா சாகும்வரைக்கும் அவன்ரை படத்துக்கு மாலை போட விடவில்லை. அம்மாவுக்கும் நான் இதைச் சொல்லவில்லை. மனிசிக்கும் சொல்லவில்லை. யாரோ ஒரு சன்சிபார் கிழவனிடம் முப்பது வருசத்துக்குப் பிறகு பஸ்சில் வைத்துப் பிடிபட்டுப் போனேன்.

மூன்றாவது, வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைற்'. 2023இல் வந்தது. 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசையும் கரோல் சீல்ட்ஸ் பரிசையும் பெற்றது. 1980களின் யாழ்ப்பாணம். டொக்டராகப் படிக்க ஆசைப்படுகிற சசி என்ற பெண், அவளுடைய நாலு சகோதரர்கள். அதில் வருகிற ஒரு விரிவுரையாளரின் பாத்திரத்தில் ராஜினி திராணகமவின் சாயல் உண்டு. 1989 செப்ரெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவபீட ஆசிரியை. இந்த நாவல் அரசாங்கத்தையும் விடவில்லை, இந்திய இராணுவத்தையும் விடவில்லை, இயக்கத்தையும் விடவில்லை. அதனால் எங்கள் ஆட்களில் சிலருக்குக் கோபம். "அமெரிக்காவில பிறந்த பிள்ளைக்கு எங்கட சண்டையைப் பற்றி என்ன தெரியும்? அதுவும் இங்கிலீசில எழுதினால் அது எங்கட இலக்கியமோ?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

நான் அவருக்குச் சொன்ன பதில்: அவர் இந்த நாவலுக்காகப் பத்துப் பதினைந்து வருசத்துக்கு மேல் செலவழித்திருக்கிறார். நேரில் கண்ட நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை நிமிசம் செலவழித்தோம்?

இந்தப் புத்தகம் மகளுடையது. அவள் வாசித்து முடித்துவிட்டு ஒருநாள் இரவு குசினிக்குள் வந்து நின்று, "அப்பா, சித்தப்பா போனவரோ, கொண்டுபோனவங்களோ?" என்று கேட்டாள். சித்தப்பாவின் படம் சுவரில் தொங்குவதைப் பிறந்ததில் இருந்து பார்க்கிறவள். இவ்வளவு காலமும் கேட்டதில்லை. கேட்கிறதுக்கு அவளுக்குச் சொல் இருக்கவில்லை. அந்தச் சொல்லை நாவல் கொடுத்திருக்கிறது. எனக்குப் பதில் சொல்லும் தைரியத்தைக் குர்னாவின் கிழவன் கொடுத்தார். விசாரணையில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, நான் அன்றைக்குத் தமிழில் சொன்ன அந்த இரண்டு வசனத்தையும் மெல்ல ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். பிழையில்லாமல் சொன்னாள்.

இதனால்தான் சொல்கிறேன், எங்கள் கதையை மட்டும் வாசித்தால் போதும் என்கிற எண்ணம் பிழை. எங்களுக்கு நடந்ததுபோல உலகத்தில் வேறு ஒருத்தருக்கும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தால் கடைசியில் எங்களுக்கு நடந்ததையே சொல்லத் தெரியாமல் போய்விடும். மற்றவனின் கதையில்தான் சிலவேளை எங்கள் வாய் திறக்கும். பிள்ளைகள் தமிழில் வாசிக்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு எங்களிடம் தமிழில் கேள்வி கேட்க வருகிற பிள்ளையை, "முதலில தமிழைப் படி" என்று திருப்பி அனுப்பக்கூடாது.

இன்னொன்று. வருசா வருசம் யூன் மாதம் பிறந்தால் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பேசுகிறோம். 1981, 97,000 புத்தகங்கள். பேசத்தான் வேண்டும். ஆனால் ரொறொன்ரோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகத் தட்டு இருக்கிறது. கடைசியாக எப்போது அதில் இருந்து ஒன்றை எடுத்தீர்கள்? எடுக்க ஆளில்லாத புத்தகத்தை எந்த நூலகமும் கனகாலம் வைத்திருக்காது. அந்தத் தட்டு சுருங்குவதற்கு ஒருவரும் நெருப்பு வைக்கத் தேவையில்லை. நாங்கள் போகாமல் விட்டாலே போதும். பழைய ஈழத்துப் புத்தகம் வேண்டுமென்றால் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. காசும் இல்லை, பஸ்சும் ஏறத் தேவையில்லை.

நேற்று அந்தச் சிநேகிதனுக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னேன். கொஞ்சநேரம் சிரித்தான். பிறகு, தானும் அந்தத் தடித்த புத்தகத்தை முதல் நாற்பது பக்கத்தோடு விட்டுவிட்டதாகச் சொன்னான். இப்போது அவன் இரவில் வாசிப்பது, பெறாமகனுக்காக வாங்கிய அம்புலிமாமாப் பழைய தொகுப்பாம். நல்லாயிருக்காம். வாசித்து முடிய எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.