மாமல்லபுரத்துக் கல்லும் எரிமலையும்

ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்க்க வருபவர்களில் சிலர், இவை எரிமலைப் பாறையில் செதுக்கியவையா என்று கேட்பதுண்டு. கொஞ்சம் அதிர்வு உணர்ந்தாலும், எங்காவது தரையிலிருந்து புகை எழுந்தாலும், 'இங்கே எரிமலை வெடிக்கப் போகிறதா?' என்ற அச்சமும் கிளம்பிவிடுகிறது. இரண்டு கேள்விகளுக்கும் விடை, இல்லை என்பதே. ஏன் இல்லை என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது.

எரிமலைக் குழம்பு வெளியே கொட்டியதும் விரைவில் ஆறிவிடும். அதனால் அந்தப் பாறையின் மணிகள் பெரும்பாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து பரவிய தக்காணத்தின் கரும்பாறை அப்படிப்பட்டது. பல்லாவரம் முதல் மாமல்லபுரம் உள்ள செங்கல்பட்டு வட்டாரம் வரை பரவலாகக் கிடைக்கும் கருங்கல்லோ சார்னோக்கைட் வகை. அதை உற்றுப் பார்த்தால் மணிகள் தனித்தனியே தெரியும். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அது உருவானது. மேலே கிடந்த பாறைகள் காலப்போக்கில் தேய்ந்து போனபின்தான் வெளியே தலைகாட்டியது.

எரிமலை உண்டாக, ஆழத்தில் பாறை உருக வேண்டும். பூமியில் இது பெரும்பாலும் மூன்று வகை இடங்களில் நடக்கிறது. முதலாவது, புவித்தட்டுகள் விலகும் இடம், ஐஸ்லாந்து அப்படி. இரண்டாவது, ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புதையும் இடம். புதையும் தட்டு கொண்டுபோகும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடும். ஜப்பான், இந்தோனேசியா எரிமலைகள் இவ்வகை. மூன்றாவது, தட்டின் நடுவிலேயே அடியிலிருந்து வெப்பம் மேலெழும் ஹவாய் போன்ற இடம்.

நம் கடற்கரையில் இந்த மூன்றும் இல்லை. மாமல்லபுரத்துக் கரையும் எதிரேயுள்ள வங்கக் கடலின் அடித்தளமும் ஒரே தட்டைச் சேர்ந்தவை. அந்தத் தட்டின் கிழக்கு விளிம்பு அந்தமானுக்கு அருகே புதைகிறது. அங்கேதான், மாமல்லபுரத்திலிருந்து ஏறத்தாழ நேர் கிழக்கே, சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் இன்று உயிரோடுள்ள ஒரே எரிமலை அதுதான். 1787-இல் அதன் வெடிப்பு பதிவானது. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991-இல் மீண்டும் எழுந்தது. அதன் பிறகும் பலமுறை வெடித்திருக்கிறது.

பூமியைப் போலவே வேற்று உலகங்களிலும், எரிமலை உண்டா என்று அறியக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உள்வெப்பம் எங்கிருந்து வருகிறது? வியாழனின் துணைக்கோள் அயோ நம் நிலவைவிடச் சற்றே பெரியது. நம் நிலவு ஆறிவிட்டது. அயோவிலோ நூற்றுக்கணக்கான எரிமலைகள் கனல்கின்றன. வியாழனும் அண்டைத் துணைக்கோள்களும் அதை மாறி மாறி இழுக்கின்றன. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடேறுவதுபோல, அதன் உட்பகுதி சூடேறுகிறது. 1979-இல் வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படங்களில் அந்த எரிமலைப் பீறல் தெரிந்தது. சனியின் துணைக்கோள் என்சலடஸில் பாறைக்குழம்புக்குப் பதில் நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை 2005-இல் காசினி விண்கலம் கண்டது. வெள்ளியில் 1991-இல் மெகல்லன் விண்கலம் எடுத்த ரேடார் படங்களை ஒப்பிட்டவர்கள், ஓர் எரிமலை வாய் எட்டு மாதத்தில் உருமாறியிருந்ததை 2023-இல் அறிவித்தார்கள். செவ்வாயின் ஒலிம்பஸ் மலை 20 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்தது. ஆனாலும் அது இன்று வெடிப்பதை யாரும் கண்டதில்லை. உருவம் பெரிது என்பதால் உயிர் இருக்கிறது என்றாகாது.

நம் கரையில் எரிமலை இல்லை என்பதால் அந்தமான் அருகேயுள்ள தட்டு விளிம்புக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா முதல் அந்தமான் வரை அதே விளிம்பு பிளந்ததால் எழுந்த சுனாமிதான் மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் தாக்கியது. ஆகவே எரிமலை வதந்தியைப் பரப்புவதை விடுங்கள். கடற்கரையில் நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, எச்சரிக்கை அறிவிப்பு வரும்வரை காத்திராமல் மேடான இடத்துக்குச் செல்லுங்கள். இதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.